நாலு காயா, இருபது காயா? வீட்டுத் தோட்டத்தில் எதை எத்தனை நடுவது

விதைக்கிற பட்டம் நெருங்கும்போது வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். இருக்கிற இடத்தில் வீட்டில் அதிகம் செலவாகிற நாலைந்து காயை மட்டும் நிறைய வைப்பதா, கைக்குக் கிடைத்த விதையில் எல்லாம் இரண்டிரண்டு போட்டு இருபது வகை வளர்ப்பதா? இன்னொரு கூட்டம் இருக்கிறது. தக்காளி என்றால் பத்து ரகம், மிளகாய் என்றால் எட்டு ரகம் என்று ஒரே காயில் இறங்கிவிடுபவர்கள். நாலாவது வழி, ஒரே பாத்தியில் தவணை தவணையாக விதைப்பது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

பலரும் ‘எத்தனை வகை’ என்பதிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு காயிலும் குறைந்தது எத்தனை செடி இருந்தால் பிரயோஜனம் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் வகை எத்தனை என்பது தானாகவே தெரிந்துவிடும். பேச வசதியாக, நடைபாதை போக நூறு சதுர அடி நடவு இடம், நாலு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம்.

## எதையெல்லாம் வைத்து அளப்பது

ஒரு பறிப்பு, ஒரு சமையல். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெண்டைச் செடி நன்றாகக் காய்க்கும் நாட்களில்கூட இரண்டு நாளுக்கு ஒரு காய் என்றுதான் தரும். அந்தக் காயும் காத்திருக்காது. நுனியை வளைத்தால் ‘டக்’கென்று ஒடிகிற பதம் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் வளையும், ஒடியாது, நாராகிவிடும். இரண்டு செடி வைத்தவர் ஒவ்வொரு முறையும் இரண்டு காயைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நாலு பேருக்கு ஒரு வேளைக்கு இருபது காயாவது வேண்டாமா? இரண்டு பறிப்பைச் சேர்த்து வைத்துச் சமைத்தாலும் பதினைந்து செடிக்குக் குறைந்தால் வெண்டை தேறாது.

புதர் பீன்ஸும் இதே சாதிதான். இருபது, இருபத்தைந்து செடி இருந்தால் ஒரு கூடை வரும். ஐந்து செடி இருந்தால் ஒரு கைப்பிடிதான். முள்ளங்கியில் ஒரு விதைக்கு ஒரு கிழங்கு, அதோடு கதை முடிந்தது. இதற்கு நேர்மாறானது மிளகாய். இரண்டு செடி போதும், மூன்றாவது செடியின் காய் உலர்த்தத்தான் ஆகும். கத்தரி மூன்று செடி, வெள்ளரி இரண்டு கொடி, தக்காளி ஐந்து செடி இருந்தால் வீட்டுக்கு ஓடும்.

ஆக, ஒன்றிரண்டு செடியிலேயே பலன் தருபவை ஒரு பக்கம், கூட்டமாக இருந்தால்தான் சமையலுக்கு ஆகும் காய்கள் மறுபக்கம். பல வகை வளர்க்கிற ஆசை முதல் பக்கத்தில் இருக்கும்வரை செலவில்லாதது. இரண்டாம் பக்கத்துக்குப் போனால் இடத்தைத் தின்றுவிடும்.

மகரந்தச் சேர்க்கை. தக்காளி, பீன்ஸ், கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே செடி இருந்தாலும் காய்க்கும். பூசணிக் குடும்பத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் ஆண் பூவாகவே பூத்துக்கொண்டிருக்கும். பெண் பூ வரும் அன்று ஆண் பூ இல்லாமல் போவதும் உண்டு. ஒற்றைக் கொடி வைத்தவர்கள் ‘பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது’ என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். மக்காச்சோளம் இன்னும் கறார். கதிர் நுனியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிற வழி. எந்த நூலில் மகரந்தம் விழவில்லையோ அந்த மணி இல்லை. மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று. ஒரே வரிசையாக ஆறு செடி நட்டால் பொக்கை வாய்க் கதிர்தான் கிடைக்கும். நாலு வரிசையில் நாலு நாலாகச் சதுரமாக நட வேண்டும்.

கவனம். தண்ணீர், உரம், ஊன்றுகோல், பறிப்பு நாள் என்று ஒவ்வொரு காய்க்கும் ஒரு தனி அட்டவணை உண்டு. விதை வாங்குகிற செலவைவிட இதுதான் பெரிய செலவு.

நோய் வந்தால் எவ்வளவு போகும்; அடுத்த பருவத்துக்கு விதை மிஞ்சுமா. இந்த இரண்டையும் அந்தந்த வழியில் பார்ப்போம்.

## முதல் வழி: சில காய், நிறையச் செடி

தக்காளி, வெண்டை, கத்தரி, பீன்ஸ் என்று நாலைந்தோடு நிறுத்திக்கொள்வது. வேலை சுலபம். ஒரு பாத்திக்கு ஒரே மாதிரி தண்ணீர், ஒரே நாளில் பறிப்பு. வாரத்துக்கு மூன்று நாள்தான் தோட்டத்துப் பக்கம் வர முடியும் என்பவருக்கும் ஒத்துவரும். பறிக்கிற அன்றைக்குச் சமையலுக்கு ஆகிற அளவு கிடைக்கும்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. ஒன்று, ஒரே நேரத்தில் குவிவது. குட்டையாக வளர்ந்து நின்றுவிடுகிற தக்காளி ரகங்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் மொத்தக் காய்ப்பையும் இறக்கிவிடும். இருபது செடி வைத்திருந்தால் அந்த வாரங்களில் அக்கம்பக்கத்தார்கூடக் கதவைத் திறக்க யோசிப்பார்கள். பதப்படுத்தி வைக்கிறவர்களுக்கு இது வரம், மற்றவர்களுக்குத் தலைவலி.

இரண்டாவது செலவு மெதுவாகத்தான் தெரியும், ஆனால் பெரியது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். தோட்டத்தில் முக்கால்வாசி இவையே என்றால் அடுத்த பருவம் எதை எங்கே மாற்றி நடுவது? பாக்டீரியா வாடல் மண்ணில் தங்கிவிடுகிற நோய். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி இலை மஞ்சளாகாமலே துவளும். சந்தேகம் வந்தால் அடித்தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அந்த நோய்தான். அந்த இடத்தில் சில வருடங்களுக்கு இந்தக் குடும்பத்தையே நடாமல் விடுவது நல்லது. முழுத் தோட்டமும் ஒரே குடும்பமாக இருந்தால் அப்படி விட இடம் ஏது?

கத்தரியில் தண்டு துளைக்கும் புழு இருக்கிற இடமென்றால் செடிகள் அடுத்தடுத்து நிற்பது அதற்கு விருந்து. நுனிக் குருத்து தலை தொங்கினால் உடனே கிள்ளி அழிக்க வேண்டும். மூன்று செடியில் இது ஒரு நிமிட வேலை. இருபது செடியில் இரண்டு நாள் விட்டால் காய்க்குள் போய்விடும்.

## இரண்டாம் வழி: நிறையக் காய், ஒன்றிரண்டு செடி

பார்க்க அழகு, கற்றுக்கொள்ள அருமை. ஒரு பருவத்தில் பதினைந்து இருபது செடிகளின் குணம் தெரிந்துவிடும். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும். செடிக்குச் செடி குடும்பம் மாறி நிற்பதால் ஒரே காயைத் தேடி வருகிற பூச்சிகளுக்கு அடுத்த செடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் ‘கலந்து நட்டால் பூச்சியே வராது’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப் பேன், வேர்முடிச்சு நூற்புழு எல்லாம் எதையும் சாப்பிடும். அசுவினி பரப்புகிற வெள்ளரித் தேமல் வைரஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் தொற்றக்கூடியது. பெயர்தான் வெள்ளரி, மிளகாயையும் தக்காளியையும் விடாது.

இந்த வழியின் உண்மையான விலை கவனம். இருபது காய் என்றால் காலையில் இருபது தனித்தனிக் கேள்விகள். இதற்குத் தண்ணீர் போதுமா, அதைக் கட்ட வேண்டுமா, இன்று பறிக்கலாமா? தினமும் அரை மணி நேரம் தோட்டத்தில் நிற்பது பிடித்தவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. மற்றவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் சலித்துவிடும், சரியாக அப்போதுதான் காய்ப்பும் தொடங்கும்.

அப்புறம் பெயர்ச் சீட்டு. வெள்ளரியும் பூசணியும் சுரையும் விதையிலை விடும்போது அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். முட்டைக்கோஸ் நாற்றும் காலிஃபிளவர் நாற்றும் அதைவிட மோசம். பேனா மை வெயிலில் வெளிறிப்போகும். பிளாஸ்டிக் சீட்டில் சாதாரணப் பென்சிலால் எழுதுங்கள், பருவம் முழுக்க நிற்கும்.

மிஞ்சுகிற விதையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொட்டலத்தில் ஐம்பது இருக்கும், நீங்கள் போடுவது நாலு. வெங்காய விதை ஒரு வருடம் போனாலே சந்தேகம்தான். வெண்டையும் மிளகாயும் சுமார் இரண்டு வருடம், பீன்ஸ் மூன்று, தக்காளியும் கத்தரியும் நாலு, வெள்ளரி ஐந்து வரைகூடத் தாங்கும். இதெல்லாம் ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வைத்தால்தான். ஹாரிங்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரண்டு மடங்கு. தோராயக் கணக்குதான், ஆனால் நல்ல வழிகாட்டி. நன்றாக உலர்த்தி, இறுக மூடிய பாட்டிலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பல வகை வளர்ப்பவரின் செலவில் பெரும் பகுதி மிச்சமாகும். இல்லாவிட்டால் விதையைப் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

## மூன்றாம் வழி: ஒரே காய், பல ரகம்

தக்காளியில் பத்து, அல்லது மிளகாயில் எட்டு. வேலை ஒரே மாதிரி என்பதால் இரண்டாம் வழி அளவுக்கு மண்டை காயாது. உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் எது சேரும் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பகல் 35 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டினால் பல தக்காளி ரகங்களில் பூ பிஞ்சாகாமல் உதிரும். சில ரகங்கள் தாக்குப்பிடிக்கும். எது என்பதைப் பொட்டலத்து அட்டையில் படிப்பதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஒரு நிபந்தனை: ரகத்துக்கு ஒரு செடி வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்தச் செடி நிழலில் நின்றதா, வேரில் கல் இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று செடி, வேறு வேறு இடத்தில்.

பெயர் பல என்பதால் பாதுகாப்பும் பலமடங்கு என்று எண்ண வேண்டாம். 1970இல் அமெரிக்காவின் மக்காச்சோளத்தை இலைக்கருகல் தாக்கியபோது வயல்களில் பல பெயர்களில் ஒட்டு ரகங்கள் (இரண்டைக் கலந்து உண்டாக்கிய ஹைப்ரிட் ரகங்கள்) இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘டெக்சாஸ்’ என்கிற ஒரே தாய்வழிச் சரக்கு. புதிதாகக் கிளம்பிய பூஞ்சை இனத்துக்கு அத்தனையும் ஒன்றுதான். அந்த வருட விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று. வீட்டிலும் பத்து தக்காளி ரகம் என்பது வாடல் நோயின் கண்ணுக்கு ஒரு தக்காளிதான். வித்தியாசம் வேண்டுமென்றால் அட்டையில் உள்ள நோய் எதிர்ப்புக் குறிகளைப் பாருங்கள். தக்காளியில் எஃப் என்பது ஃபியூசேரியம் வாடலுக்கு, வி வெர்டிசிலியம் வாடலுக்கு, என் நூற்புழுவுக்கு.

இந்த வழிக்காரர்களை ஒரு பயம் விடாமல் துரத்தும். காரமிளகாய் பக்கத்தில் நின்றால் குடைமிளகாய் காரமாகிவிடுமா? ஆகாது. காயின் சதை தாய்ச்செடியின் உடம்பு. பக்கத்துப் பூவின் மகரந்தம் உள்ளே இருக்கும் விதையைத்தான் மாற்றும். அந்த விதையை எடுத்து அடுத்த பருவம் போட்டால்தான் கலப்பு தெரியும். விதிவிலக்கு மக்காச்சோளம். அங்கே நாம் தின்பதே விதை, அதனால் இனிப்புச் சோளத்துக்குப் பக்கத்தில் மாவுச் சோளம் பூத்தால் அதே கதிரில் இனிப்பு குறையும்.

விதை எடுக்கிற எண்ணம் இருந்தால் தக்காளியும் பீன்ஸும் நிம்மதி. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். மிளகாய், வெண்டை, கத்தரி பூச்சி வழியாக ஓரளவு கலக்கும். ஒரே இனத்துப் பூசணி ரகங்கள் இரண்டு இருந்தால் கலப்பு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். சுரையும் பூசணியும், வெள்ளரியும் பூசணியும் தங்களுக்குள் கலப்பதில்லை. பூசணியில் தூய விதை வேண்டுமென்றால் மறுநாள் விரியப்போகிற பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முந்தைய மாலையே அடையாளம் பாருங்கள். நுனி மஞ்சள் காட்டும், பெண் மொட்டுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். இரண்டின் வாயையும் நூலால் கட்டிவிட்டு, விடிந்ததும் ஆண் பூவின் இதழைக் கிழித்துப் போட்டு, உள்ளே உள்ள மகரந்தக் காம்பைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும், அதனால் இது எழுந்தவுடன் செய்கிற வேலை. ஒட்டு ரகத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். அதன் விதை தாயைப் போல வராது.

## நாலாம் வழி: தவணை விதைப்பு

முள்ளங்கி பத்து நாளுக்கு ஒரு முறை, கீரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதர் பீன்ஸ் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. குவிந்து வீணாவது குறையும், சமையலறைக்கு வாராவாரம் வரும். சீக்கிரம் முடிகிற பயிர்களுக்குத்தான் இது. மிளகாய், கத்தரி, கொடித் தக்காளி எல்லாம் தாமாகவே மாதக்கணக்கில் காய்க்கும். அவற்றைத் தவணை பிரிப்பதில் அர்த்தமில்லை.

விலை என்ன? அடுத்த தவணைக்கான இடம் அதுவரை வெறுமையாகக் கிடக்க வேண்டும். நல்ல மண் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனசு எல்லாருக்கும் வாய்க்காது. பருவநடுவில் மேல் மண் சீக்கிரம் காய்வதால் முளைப்பும் முதல் தவணை மாதிரி இருக்காது. இன்னொன்று: வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் பின்னால் போட்டது வேகமாக வளர்ந்து முன்னதை எட்டிப்பிடித்துவிடும். இரண்டு வாரம் தள்ளி விதைத்தும் சில நாள் இடைவெளியில் இரண்டும் காய்ப்பது இதனால்தான். நாட்காட்டியைப் பார்க்காமல், முதல் தவணை விதையிலைக்குப் பின் வருகிற உண்மையிலை இரண்டு மூன்று விட்டதும் அடுத்ததைப் போடுவது இதற்கு ஒரு மருந்து.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | சில காய், நிறையச் செடி | நிறையக் காய், ஒன்றிரண்டு செடி | ஒரே காய், பல ரகம் | தவணை விதைப்பு |
|---|---|---|---|---|
| ஒரு பறிப்பில் சமையலுக்குத் தேறுமா | தேறும், சில வாரம் மிஞ்சும் | காயைப் பொறுத்தது. வெண்டை, பீன்ஸ் தேறாது | தேறும், ஆனால் ஒரே காய் | தேறும், அளவாக |
| கேட்கிற கவனம் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம், குறிப்பு எழுத வேண்டும் | நடுத்தரம், தவணை தவறக் கூடாது |
| நோய் வந்தால் | பெரிய இழப்பு | சிறு சிறு இழப்பு | மண் நோயில் மொத்தமும் போகலாம் | பின் தவணை தப்பிக்கலாம் |
| மறைந்த செலவு | குவிவது, பயிர் மாற்ற இடமின்மை | மிஞ்சும் விதை, சலிப்பு | விதைக் கலப்பு | வெறும் இடம் |
| யாருக்கு | புதியவர், நேரமில்லாதவர், பதப்படுத்துபவர் | தினமும் தோட்டத்தில் நிற்பவர் | நல்ல ரகம் தேடுபவர் | பதமான மண் ஏற்கெனவே உள்ளவர் |

## என் கையில் நூறு சதுர அடி இருந்தால்

முதல் பருவம் போடுகிறவர் இரண்டாம் வழிக்குப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. இருபது வகையில் எது உங்கள் பிழை, எது பூச்சி, எது ரகத்தின் குணம் என்று பிரித்தறிய முடியாது. இரண்டு மூன்று பருவம் ஆனவர்களுக்கு அதே வழி நல்ல விளையாட்டு. மூன்றாம் வழியை உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு காய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கணக்கில் தொடங்கினால் நூறு சதுர அடி இப்படிப் பிரியும். வெண்டை பதினாறு செடி, ஒன்றரை அடிக்கு ஓர் அடி இடைவெளியில், 24 சதுர அடி. தக்காளி ஐந்து, இரண்டடிக்கு இரண்டடி, 20. கத்தரி மூன்று, 12. மிளகாய் இரண்டு, 5. பந்தலில் ஏற்றிய வெள்ளரி இரண்டு கொடி, 4. பீன்ஸ் இரண்டு தவணை, தவணைக்கு இருபத்துநாலு செடி, இரண்டுக்கும் சேர்த்து 24. இதுவரை 89 ஆகிறது. மீதி 11இல் கீரைக்கு ஆறு.

வகைகளை எண்ணிப் பாருங்கள், ஏழு வருகிறது. நாலும் இல்லை, இருபதும் இல்லை. யாரும் முன்கூட்டித் தீர்மானிக்காத எண். வெண்டை வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்றால் அந்த 24 சதுர அடியில், ஒற்றைச் செடியிலேயே பலன் தருபவையாக நாலைந்து புது வகை உட்கார்ந்துவிடும். பந்தலும் ஊன்றுகோலும் குட்டைச் செடிகளின் மேல் நிழல் விழாத பக்கமாக இருக்கட்டும்.

மிச்சமிருக்கிற ஐந்து சதுர அடி சோதனை மூலை. புதிதாக எதை ஆசைப்பட்டாலும் முதல் பருவம் அங்கேதான். ஒரு புது மிளகாய் ரகமோ, பந்தலில் ஏறுகிற ஒரு கொடியோ தாராளமாகப் போடலாம். மக்காச்சோளம் மட்டும் வேண்டாம். பதினாறு செடிக்கு அங்கே இடம் பத்தாது.